தூணை இழுத்தவர்கள்

உரோமாபுரியைக் கால்நடையாகப் பார்த்தால்தான் பார்த்ததாகும் என்று எனக்குச் சொன்ன நண்பர், என்னுடைய முழங்கால்களைப் பற்றி எதுவும் அறியாதவர். இருந்தாலும் மே மாதத்தின் மூன்றாம் வாரத்திலே ஒரு நாள், வழிகாட்டியோடு நடந்து பழைய இடிபாடுகளைப் பார்க்கும் குழு ஒன்றிலே பெயரைக் கொடுத்துவிட்டு, காலை எட்டரை மணிக்கே போய் நின்றேன். மொத்தம் பதினான்கு பேர். வழிகாட்டி உரோமிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண். தொல்பொருளியல் படித்தவர். கையிலே மஞ்சள் குடை. அது வெயிலுக்கல்ல, எங்களுக்கு அடையாளம். ஆளுக்கொரு சிறிய கருவியைத் தந்து காதிலே செருகிக்கொள்ளச் சொன்னார். அவர் ஐம்பது யார் தள்ளி நின்று பேசினாலும் குரல் எங்கள் காதுக்குள்ளே கேட்கும். நேயர்களே, இத்தனை காலமும் ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்து உங்கள் காதுக்குள்ளே பேசி வந்த எனக்கு, அன்றைக்கு நான் நேயராக மாற நேர்ந்தது. கேட்பது பேசுவதைவிடக் கடினமான வேலை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

போரம் என்னும் பழைய நகர மன்றத்தில் நடை தொடங்கியது. தீத்துஸ் மன்னனின் வெற்றி வளைவு, செனற் சபை கூடிய மண்டபம், சீசரின் உடலை எரித்த இடத்தில் எழுந்த கோயிலின் மிச்சம் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போனார். இவற்றைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். நானும் எழுதி உங்களைக் களைப்படையச் செய்ய விரும்பவில்லை. ஆனால் அங்கே ஒரு கதவு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடமுடியாது.

அந்தோனீனுஸ் பீயுஸ் என்ற பேரரசன், இறந்துபோன தன் மனைவி பவுஸ்தினாவுக்காகக் கி.பி. 141இல் கட்டத் தொடங்கிய கோயில் அது. முகப்பிலே பெரும் பெரும் தூண்கள். பிற்காலத்தில் அந்தக் கோயிலுக்குள்ளேயே லோரன்ஸ் அர்ச்சியசிட்டரின் பெயரால் ஒரு தேவாலயம் எழுந்தது. தூண்களுக்குப் பின்னால் நிமிர்ந்து பார்த்தால் தேவாலயத்தின் பச்சை நிறக் கதவு தெரிகிறது. எங்கே தெரிகிறது? வீட்டுக் கூரை உயரத்திலே, அந்தரத்திலே! ஏணி வைத்தாலும் எட்டாது. படியும் இல்லை.

"இதைக் கட்டிய கொத்தன் குடித்திருந்தானா?" என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். வழிகாட்டி சிரித்தார். கதவு வைத்த காலத்தில் நிலம் அந்த மட்டத்தில்தான் இருந்ததாம். ஆற்று வெள்ளம் கொண்டுவந்த வண்டலும், இடிந்த கட்டடங்களின் கல்லும் மண்ணும், நூற்றாண்டு நூற்றாண்டாகச் சேர்ந்த குப்பையும் போரத்தை மூடிவிட்டன. பேரரசின் நடு நெஞ்சாக இருந்த இடம் மாடு மேய்கிற வெளியாகிவிட்டது. மக்கள் அதற்கு வைத்த பெயரே 'மாட்டு வெளி'. 19ஆம் நூற்றாண்டிலே அகழ்வு நடத்தி மண்ணை அள்ளியபோது நிலம் கீழே இறங்கியது. கதவு மேலேயே நின்றுவிட்டது.

"இந்த ஊரிலே கீழே போவதென்றால் பின்னோக்கிப் போவது. இதை மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்" என்றார் அவர்.

கொலோசியத்தைப் பற்றி ஒரே வசனத்தில் சொல்லிவிடுகிறேன். அங்கே கல்லைவிடச் சனம் அதிகம். அதைத் தாண்டிக் கிழக்கே போனால், தெரு ஓரத்திலே ஒரு பள்ளத்துக்குள் பாதி வட்டமாக ஓர் இடிபாடு தெரியும். கிளாடியேற்றர்கள் என்னும் மல்லர்களைப் பழக்கிய பயிற்சிக்கூடம் அது. மீதிப் பாதி தெருவுக்கும் வீடுகளுக்கும் அடியிலே கிடக்கிறது. அங்கிருந்து சிறிது தூரம் நடந்ததும், சாதாரணமான ஒரு மதிலிலே சாதாரணமான ஒரு பக்கக் கதவு. அதுதான் கிளமென்ற் அர்ச்சியசிட்டரின் கோயில். நான் பெயர் கொடுத்ததே இதைப் பார்ப்பதற்காகத்தான்.

கிளமென்ற் என்பவர் கி.பி. முதலாம் நூற்றாண்டின் இறுதியில் உரோமில் வாழ்ந்த ஆயர். பேதுருவுக்குப் பின் வந்த பாப்பரசர் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கு அவர் எழுதியதாகக் கருதப்படும் ஒரு நீண்ட கடிதம் இன்றும் இருக்கிறது. அந்தக் கடிதம் எந்த மொழியில் எழுதப்பட்டது? உரோமின் ஆயர் என்றால் இலத்தீனில்தானே எழுதியிருப்பார் என்று நினைப்போம். இல்லை, கிரேக்கத்தில். உரோமாபுரியின் முதற் கிறிஸ்தவர்கள் செபித்ததும் வாசித்ததும் கிரேக்க மொழியில்தான். இலத்தீன் சந்தையிலும் படைமுகாமிலும் நீதிமன்றத்திலும் வழங்கிய மொழி. அது பூசைக்கு வந்து சேர்ந்தது நாலாம் நூற்றாண்டு அளவிலே. விவிலியத்தை எரோனிமுஸ் இலத்தீனில் பெயர்க்கத் தொடங்கியது 382 அளவிலே. அந்தப் பெயர்ப்புக்குப் பிற்காலத்தார் இட்ட பெயர் வுல்காத்தா. பொதுமக்களிடையே வழங்குவது என்று அதற்குப் பொருள்.

சின்ன வயதிலே யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு அண்மையில் இருந்த கோயிலிலிருந்து விடியற்காலையில் இலத்தீன் பூசை காற்றிலே மிதந்து வரும். ஒரு சொல்லும் விளங்காது. விளங்காததாலேயே அது தெய்வமொழி என்று நினைத்திருந்தேன். எங்கள் கோயில் ஐயர் சொன்ன மந்திரமும் விளங்காதுதானே! 1960களிலே, இரண்டாவது வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, அதே கோயிலிலிருந்து தமிழிலே பூசை கேட்கத் தொடங்கியது. அடுத்த வீட்டு மரியம்மா ஆச்சிக்கு அது பிடிக்கவில்லை. "இப்ப சுவாமியார் எங்களோட கதைக்கிற மாதிரிக் கிடக்கு. கடவுளோட கதைக்கிற மாதிரி இல்லை" என்பார். அந்த ஆச்சியை நினைத்துக்கொண்டுதான் இந்தக் கோயிலுக்குள் நுழைந்தேன்.

தெரு மட்டத்தில் இருக்கும் மேற்கோயில் 12ஆம் நூற்றாண்டிலே கட்டியது. பீடத்துக்கு மேலே, அரைவட்டக் கூரை முழுவதும், பொன் நிறச் சில்லுகள் பதித்த ஓவியம். நடுவிலே சிலுவை. அதன் மேலே பன்னிரண்டு வெண்புறாக்கள். அதன் அடியிலிருந்து ஒரு கொடி முளைத்துச் சுருண்டு சுருண்டு கூரை எங்கும் படர்கிறது. அந்தச் சுருள்களுக்குள்ளே பறவைகளும் மனிதர்களும். கீழ் வரிசையிலே ஒரு பெண் கோழிகளுக்குத் தீன் போடுகிறாள். விண்ணகத்தை வரையப் புகுந்தவன் கோழிக்குத் தீன் போடுகிறவளை ஏன் வரைந்தான் என்று நான் யோசித்துக்கொண்டு நிற்க, மஞ்சள் குடை படிக்கட்டுப் பக்கம் போய்விட்டது.

இந்தக் கோயிலை 17ஆம் நூற்றாண்டிலிருந்து பராமரித்து வருபவர்கள் அயர்லாந்து நாட்டுத் தொமினிக்கன் துறவிகள். சொந்த நாட்டிலே ஆங்கில ஆட்சி அவர்களுடைய மதத்தை அடக்கியபோது, ஓடி வந்தவர்களுக்கு உரோம் இடம் கொடுத்தது. அவர்களுள் ஒருவரான யோசப் முல்லூலி என்ற சுவாமியார் 1857இல் நிலத்துக்குக் கீழே தோண்டத் தொடங்கினார். எரோனிமுஸ் 392இல் எழுதிய ஒரு குறிப்பிலே, கிளமென்ற்றின் நினைவைப் போற்றும் கோயில் ஒன்று உரோமில் இருப்பதாகச் சொல்கிறார். இதுதான் அந்தக் கோயில் என்றே அதுவரை எல்லோரும் நம்பிவந்தார்கள். முல்லூலி தோண்டியபோது, தாங்கள் பூசை செய்துகொண்டிருந்த தளத்துக்கு நேர் கீழே இன்னொரு கோயில் முழுதாகப் புதைந்து கிடப்பது தெரிந்தது. எரோனிமுஸ் சொன்னது அதைத்தான். 11ஆம் நூற்றாண்டின் முடிவிலே அதை மண்ணால் நிரப்பி, அதையே அத்திவாரமாக்கி மேலே புதியதைக் கட்டியிருக்கிறார்கள். எழுநூற்றைம்பது ஆண்டுகளாக யாரும் அறியாமலே கோயிலுக்குள் கோயில்.

படியிறங்கினோம். ஒவ்வொரு படிக்கும் குளிர் ஏறியது. கீழே மங்கலான வெளிச்சம், ஈர வாசனை. மேற்கோயிலைத் தாங்குவதற்குப் பின்னாளில் எழுப்பிய சுவர்கள் குறுக்கும் நெடுக்குமாக நிற்பதால், கோயிலின் உண்மையான அகலத்தை மனத்தினால்தான் கட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் சுவர்களிலே ஓவியங்கள் இருக்கின்றன. மண் மூடியதால்தான் அவை தப்பின.

நேயர்களே, இனி நான் சொல்லப்போவது ஒரே ஒரு சுவரோவியத்தைப் பற்றி.

கதை இது. சிசினியுஸ் என்று உரோமிலே ஒரு பெரிய அதிகாரி. கிறிஸ்தவன் அல்லன். அவன் மனைவி தெயோதோரா கிறிஸ்தவளாகிவிடுகிறாள். இவள் ஒளித்து ஒளித்து எங்கே போகிறாள் என்று ஐயுற்று, ஒரு நாள் அவள் பின்னாலேயே போகிறான். அங்கே கிளமென்ற் பூசை செய்துகொண்டிருக்கிறார். அந்த இடத்திலேயே சிசினியுஸின் கண் குருடாகிக் காதும் செவிடாகிறது. வேலைக்காரர் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போகிறார்கள். பிறகு கிளமென்ற் அவன் வீட்டுக்கே வந்து செபித்துக் குணப்படுத்துகிறார். குணமானவன் நன்றியா சொன்னான்? மந்திரம் செய்து தன் மனைவியை மயக்கப் பார்க்கிறான் என்று கொதித்து, "இவனைப் பிடித்துக் கட்டி இழுங்கள்" என்று வேலைக்காரருக்குக் கட்டளையிடுகிறான். வேலைக்காரருக்கோ கண் மயங்கிவிடுகிறது. கிளமென்ற் என்று எண்ணிக்கொண்டு, அங்கே கிடந்த ஒரு கற்றூணைக் கயிற்றால் கட்டி இழுக்கிறார்கள். தூண் அசைகிறதா? அதுதான் இல்லை.

ஓவியத்தின் கீழ்ப்பகுதி இந்தத் தூண் இழுப்பைக் காட்டுகிறது. முக்கி முனகி இழுக்கிற இரண்டு பேர், பின்னாலிருந்து தடியால் நெம்புகிற ஒருவன், கை நீட்டி அதட்டுகிற சிசினியுஸ். அவர்கள் பேசுவது அவர்களுக்குப் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது, இந்தக் காலத்துச் சித்திரக் கதைகளிலே எழுதுவது போல. கோஸ்மாரி, அல்பெர்த்தெல் என்று இருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இழுக்கச் சொல்கிறான். கார்வொன்செல்லே என்பவனைத் தடியோடு பின்னால் போகச் சொல்கிறான். இதற்கெல்லாம் முன்னதாக, அவர்களுடைய தாய்மாரை இழுத்து ஓர் ஏச்சு ஏசுகிறான். அந்த ஏச்சை நான் தமிழில் சொல்லப்போவதில்லை. வீட்டிலே பெரியவர்களோடும் பிள்ளைகளோடும் இருந்து கேட்கிறீர்கள். ஆனால் எங்கள் ஊர்ச் சந்தையிலும் தவறணையிலும் நீங்கள் கேட்ட ஏச்சுத்தான், வேறு ஒன்றுமில்லை.

கோயிற் சுவரிலே! அதுவும் பூசை நடக்கிற காட்சிக்கு நேர் கீழே!

இதிலே ஆச்சரியம் ஏச்சு அல்ல, அது எழுதப்பட்ட மொழி. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே உரோமிலே எழுத்து என்றால் இலத்தீன். வீட்டிலும் தெருவிலும் மக்கள் பேசியது இலத்தீனிலிருந்து நெடுந்தூரம் விலகிப்போன வேறொரு பேச்சு. அதை எழுதலாம் என்று யாரும் பெரிதாக எண்ணியதில்லை. 960ஆம் ஆண்டிலே காப்புவா என்ற ஊரில் ஒரு காணி வழக்கு நடந்தது. அதிலே சாட்சிகள் சொன்ன வாக்குமூலத்தை அவர்கள் பேசிய மொழியிலேயே பதிந்து வைத்தார்கள். இத்தாலிய மொழியின் பிறப்புச் சாட்சிப்பத்திரம் என்று அதைச் சொல்வார்கள். அதற்கு நூறு ஆண்டுக்கு மேல் கழித்து இந்தச் சுவரிலே வருகிறது சிசினியுஸின் அதட்டல். இத்தாலிய இலக்கியத்தின் மிக மூத்த உரையாடல்களில் ஒன்று, எசமான் ஒருவன் வேலைக்காரரை ஏசியது. தாந்தே பிறப்பதற்கு இன்னும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இருக்கிறது.

அதே ஓவியத்திலே கிளமென்ற்றும் பேசுகிறார். உங்கள் இதயம் கல்லாய்ப் போனதால் கல்லை இழுப்பதே உங்களுக்குத் தகும் என்ற பொருளிலே. அவர் பேசுவது இலத்தீன். அர்ச்சியசிட்டருக்குச் செம்மொழி, அதிகாரிக்குத் தெருமொழி. வரைந்தவனோ வரைவித்தவரோ நன்றாகத் திட்டமிட்டே இப்படிச் செய்திருக்கிறார்கள்.

இங்கே எனக்கு எங்கள் நாட்டுச் சண்டை ஒன்று ஞாபகம் வந்தது. 1960களிலே டொமினிக் ஜீவாவும் கே. டானியலும் அவர்களை ஒத்தவர்களும் தாங்கள் அறிந்த மனிதரின் பேச்சைக் கதைகளிலே எழுதியபோது, அது 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர்கள் சிலர் முகம் சுளித்ததும், மரபுப் போராட்டம் என்று பத்திரிகைகளிலும் மேடைகளிலும் அது மூண்டதும் மூத்த நேயர்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சண்டை மொழியைப் பற்றியது மட்டுமல்ல. யாருடைய வாய் எழுத்துக்குள் வரலாம் என்பதைப் பற்றியது. அதற்கு முந்திய எங்கள் நாவல்களையும் நாடகங்களையும் எடுத்துப் பாருங்கள். கதாநாயகன் செந்தமிழ் பேசுவான், கதாநாயகி அதைவிடச் செந்தமிழாகப் பேசுவாள். வேலைக்காரனும் சிரிப்புப் பாத்திரமும் மட்டும் ஊர்த்தமிழ் பேசுவார்கள். கிளமென்ற் கோயிற் சுவரில் இருப்பதும் அதே ஏற்பாடுதான். ஊர்மொழிக்கு இடம் கொடுத்தாயிற்று, ஆனால் கெட்டவனின் வாயிலே.

ஆனால் நேயர்களே, இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. வழிகாட்டி தன் குடைக் காம்பினால் எழுத்துகளைச் சுட்டிக் காட்டிச் சொன்னார்: "சிசினியுஸ் பேசுவது அச்சொட்டான உரோமப் பேச்சு. அர்ச்சியசிட்டர் பேசுகிற இலத்தீனிலேதான் பிழை." உண்மைதான். கிளமென்ற்றின் இரண்டு வரி இலத்தீனிலே வேற்றுமை உருபுகள் தடுமாறியிருக்கின்றன. எழுதியவனுக்குச் செம்மொழி சரியாக வரவில்லை. புனிதமாக எழுதப்போய்ப் பிழைவிட்டான். ஏச்சை எழுதும்போது எழுத்தாணி வழுக்கவேயில்லை.

ஓவியத்தைச் செய்வித்தவர்களின் பெயரும் சுவரிலே இருக்கிறது. பேனோ தெ ராப்பீசா என்பவரும் அவர் மனைவி மரியாவும். அந்த அம்மாளின் பெயரோடு ஒட்டியிருக்கும் 'மாசெல்லாரியா' என்ற சொல்லுக்கு இறைச்சிக்கடைக்காரி என்று பொருள். மகன், மகள் பெயர்களும் உண்டு. இறைச்சிக்கடைக் குடும்பம் ஒன்று காசு கொடுத்து, தங்களுக்கு விளங்குகிற மாதிரி ஒரு கதையைச் சுவரில் எழுதுவித்தது என்று நான் எண்ணிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்து, விளங்காத இலத்தீனைக் கேட்டு அலுத்து, இந்தச் சுவர்ப்பக்கம் திரும்பி, எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவன் வாசிக்க, பக்கத்தில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பார்கள். இதற்குச் சான்று ஒன்றும் என்னிடம் இல்லை. ஆனால் அந்த ஏச்சு வாசிக்கப்படுவதற்காக எழுதப்பட்டது என்பதிலே எனக்கு ஐயமில்லை.

தமிழிலே பேச்சுமொழிக்குத் தனியாக இலக்கணம் எழுதிய பெரியவரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. வீரமாமுனிவர் என்று நாம் அறிந்த பெஸ்கி சுவாமியார் இத்தாலி நாட்டவர். செந்தமிழுக்கு இலக்கணம் செய்ததோடு நில்லாமல், கொடுந்தமிழுக்கும் ஓர் இலக்கணத்தை இலத்தீன் மொழியில் எழுதினார். அது 1738இலே தரங்கம்பாடியில் அச்சேறியது. அந்த நூற்பெயரிலே கொடுந்தமிழைக் குறிக்க அவர் கையாண்ட அடைமொழி 'வுல்காரி'. நாலு நூற்றாண்டுக்கு முன்னர் தாந்தே, தாய்மொழியிலே எழுதுவதற்காக வாதாடிய தன் நூலின் பெயரிலே கையாண்டதும் அதே சொல். அந்த வாதத்தையும் தாந்தே இலத்தீனில்தான் எழுத வேண்டியிருந்தது என்பது வேறு கதை.

குழு நகர்ந்தது. கோயிலின் ஒரு மூலையிலே, சிறிய பீடம் ஒன்றின் முன்னால், எங்களோடு வந்த ஓர் அம்மா முழங்காலில் நின்றுகொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். காலை தொடங்கி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. போரத்திலும் கொலோசியத்திலும் எதையும் நிமிர்ந்து பார்த்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை. சுற்றிலும் சுவரிலே கற்பலகைகள், வேறு வேறு ஸ்லாவிய மொழிகளிலே, நன்றி சொல்லி. இது கிரில் அர்ச்சியசிட்டர் அடக்கம் செய்யப்பட்ட இடம் என்று காதுக்குள் குரல் சொன்னது.

கிரிலின் இயற்பெயர் கொன்ஸ்தந்தீன். கிரேக்க நாட்டுத் தெசலோனிக்கா நகரத்தவர். அவரும் தமையன் மெத்தோதியுஸும் 863இல் மொராவியா தேசத்து ஸ்லாவியரிடம் போனார்கள். அந்த மக்களுடைய மொழிக்கு எழுத்து இல்லை. கொன்ஸ்தந்தீன் அதற்கென்றே ஓர் எழுத்து முறையை உண்டாக்கினார். கிளகோலிற்சா என்று அதற்குப் பெயர். இன்று ருஷ்யரும் பல்கேரியரும் எழுதும் கிரில் எழுத்து அவருடைய பெயரைத் தாங்கினாலும், அது பிறகு பல்கேரியாவிலே உருவானது. அந்தப் புதிய எழுத்திலே விவிலியப் பகுதிகளையும் பூசை நூல்களையும் பெயர்த்தார். விட்டார்களா? உரோமுக்கு வரும் வழியிலே வெனிஸ் நகரத்திலே ஆயர்களும் குருக்களும் சூழ்ந்துகொண்டார்கள். கடவுளைப் புகழத் தகுந்தவை எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் என்ற மூன்று மொழிகளே என்பது அவர்கள் கட்சி. யேசுவின் சிலுவையின் மேலே பிலாத்து எழுதி வைத்த பலகை அந்த மூன்று மொழிகளிலும் இருந்ததே அதற்கு ஆதாரமாம். மழை எல்லார் மேலும் பெய்யவில்லையா, சூரியன் எல்லார்க்கும் எறிக்கவில்லையா என்று கொன்ஸ்தந்தீன் திருப்பிக் கேட்டதாக அவருடைய பழைய சரிதம் சொல்கிறது. மூன்று மொழிக் கட்சியினருக்குப் 'பிலாத்தின் ஆட்கள்' என்று பட்டப்பெயரும் கிடைத்தது.

உரோமிலே அவருக்கு வரவேற்புக் கிடைத்தது. அதற்கு ஒரு காரணம் அவர் கொண்டுவந்த பொருள். கிளமென்ற் கிரைமியாவுக்கு நாடு கடத்தப்பட்டு, நங்கூரத்தோடு கட்டிக் கடலில் எறியப்பட்டார் என்பது ஐதிகம். அந்தக் கரையிலே தாம் கண்டெடுத்த எலும்புகளைக் கிளமென்ற்றுடையவை என்று நம்பிக் கொன்ஸ்தந்தீன் ஊர் ஊராகச் சுமந்து வந்திருந்தார். இரண்டாம் அத்ரியான் என்ற பாப்பரசர் எலும்புகளையும் ஏற்றார், ஸ்லாவிய நூல்களையும் ஏற்று ஆசீர்வதித்தார். உரோமின் கோயில்களிலே ஸ்லாவிய மொழியிலே பூசை நடந்தது. கொன்ஸ்தந்தீன் நோயுற்று, துறவியாகிக் கிரில் என்று பெயர் பூண்டு, 869ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் திகதி இறந்தார். வயது நாற்பத்திரண்டு.

சகோதரர் இருவரும் புறப்படும்போது தாய் அவர்களிடம் ஓர் உறுதி வாங்கியிருந்தாளாம். யார் முந்தி இறந்தாலும், மற்றவன் உடலை ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று. மெத்தோதியுஸ் உடலைக் கேட்டார். உரோமின் ஆயர்கள் விடவில்லை. அப்படியானால் அவன் தூக்கிக்கொண்டு அலைந்த கிளமென்ற்றின் கோயிலிலேயாவது வையுங்கள் என்று கேட்டார். அதுதான் இந்த மூலை. 885இல் மெத்தோதியுஸும் இறந்தபின், புதிய பாப்பரசர் ஸ்லாவியப் பூசையைத் தடைசெய்தார். சீடர்களை மொராவியாவிலிருந்து துரத்தினார்கள். துரத்தப்பட்டவர்களில் சிலர் போய்ச் சேர்ந்த இடம் பல்கேரியா. ஒரு நாட்டிலே அறுத்தெறிந்த எழுத்து இன்னொரு நாட்டிலே வேர்விட்டது.

அந்த அம்மா எழுந்தபோது கைகொடுத்தேன். "சோபியா" என்றார். பெயரோ என்று நினைத்தேன். ஊர். பல்கேரியாவின் தலைநகரம். முப்பது ஆண்டு அரிவரிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவராம். மே 24ஆம் திகதி அங்கே எழுத்துக்குப் பெருநாள். அரசாங்க விடுமுறை. பிள்ளைகள் கிரில், மெத்தோதியுஸ் படங்களைத் தூக்கிக்கொண்டு பூமாலையோடு ஊர்வலம் போவார்கள். எங்களுக்கும் விசயதசமியன்று ஏடு தொடக்குகிற வழக்கம் உண்டு, தாம்பாளத்து அரிசியிலே பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுதுவிப்போம் என்று சொன்னேன். "அரிசியிலா?" என்று கேட்டார். பிறகு தன் உள்ளங்கையை நீட்டி, அந்த எழுத்தை எழுதிக் காட்டச் சொன்னார். எழுதினேன். சுழியிலே அவருக்குக் கூச்சம் எடுத்துச் சிரித்துவிட்டார்.

இன்னும் ஒரு படிக்கட்டு கீழே போகிறது. நீரோ காலத்திலே, கி.பி. 64இல் எரிந்த உரோமின் இடிபாட்டு மேட்டின்மீது எழுந்த கட்டடங்கள் அங்கே இருக்கின்றன. இரண்டு கட்டடங்களுக்கு நடுவிலே ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய ஒடுங்கிய ஒழுங்கை. அதிலே நடந்தால் மித்திரன் என்ற பாரசீகப் பெயருடைய தெய்வத்தை வழிபட்டவர்களின் குகை போன்ற அறை. இரு பக்கமும் கல் இருக்கைகள், நடுவிலே மித்திரன் எருதைக் கொல்லும் சிற்பத்தோடு பலிபீடம். அந்த வழிபாட்டிலே பெண்களுக்கு இடமில்லை. வழிபாட்டின்போது என்ன சொன்னார்கள், என்ன பாடினார்கள் என்பது பெரும்பாலும் எழுதி வைக்கப்படவில்லை. இரகசியம் காத்தார்கள். இரகசியம் அவர்களோடேயே போயிற்று. அங்கே பேச்சுக் கேட்கவில்லை, தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நிலத்தடி நீர் இந்தத் தளத்தையே மூழ்கடித்திருந்ததாம். 1912 தொடங்கி இரண்டு ஆண்டு பாடுபட்டு ஒரு சுரங்கம் வெட்டி, பழைய உரோமரின் பெருங் கழிவுவாய்க்காலிலே கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அயர்லாந்துத் துறவிகள் பிடிவாதக்காரர்.

ஏறி வரும்போது என் முழங்கால்கள் நூற்றாண்டுக் கணக்கைச் சரியாகச் சொல்லின. மேற்கோயிலிலே பூசை தொடங்கப்போகிறது, வெளியே போங்கள் என்று காவலாளி கை காட்டினார். கதவோரம் நின்று இரண்டு நிமிடம் கேட்டேன். இத்தாலிய மொழி. குருவானவர் ஏதோ சொல்ல, கறுப்புச் சால்வை போட்ட நாலைந்து ஆச்சிமார் அதே மொழியிலே பதில் சொன்னார்கள்.

தெருவிலே வழிகாட்டி குடையை உயர்த்தித் தலைகளை எண்ணினார். பதின்மூன்று. மறுபடியும் எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார், நான்தானே அந்த அம்மாவோடு கதைத்துக்கொண்டு நின்றவன். காவலாளியைக் கெஞ்சித் திரும்ப இறங்கினேன். அவர் மூலைப் பீடத்தின் முன்னால் நின்று, அந்தப் பலகைகளிலே ஒன்றின் எழுத்துகளை விரலால் தடவி, ஒவ்வொன்றாக, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல மெல்லிய குரலில் வாசித்துக்கொண்டிருந்தார். வாசித்து முடியும்வரை காத்து நின்றேன்.